காது கொடுத்தவரின் கிண்ணம்

களமருதூர்,
12-7-1987

மாமாவுக்குப் பெரியநாயகி எழுதுவது.

நீங்கள் நலமா என்று கேட்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அதனால் அதைத் தாண்டி மேலே போகிறேன்.

நீங்கள் கரியாலூரில், மலை சனங்கள் கொண்டுவரும் கடுக்காயை எடை போட்டு வைக்கிற சொசைட்டி கிடங்கில் காவல் வேலைக்கு இருப்பதாக உங்கள் சிநேகிதர் வீரமுத்து அண்ணன் என் தம்பி தமிழழகனிடம் சொன்னாராம். தம்பி வந்து என்னிடம் சொன்னான். என் புருஷன் இருக்கிற இடம் எனக்கு மூன்றாம் ஆள் வாயால் தெரிகிறது. ரொம்ப சந்தோஷம்.

அன்றைக்கு நடந்ததை ஒரே ஒரு தடவை என் பக்கம் வந்து நின்று பாருங்கள். அத்தைக்குக் காய்ச்சல், கூடத்தில் படுத்திருக்கிறார்கள். விளக்கு வைக்கிற நேரம். நீங்கள் உள் அறையில் உட்கார்ந்து அந்த வெண்கலக் கிண்ணத்தைக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டினீர்கள். தெரு முழுக்க ஓடி வந்துவிட்டது. ஆயம்மா சித்தி மாரில் அடித்துக்கொண்டு வந்து, "ராஜாம்பா, எங்கள உட்டுட்டுப் போயிட்டியா" என்று அத்தை மேலே விழுந்தார். அத்தை அலறியடித்து எழுந்து, "இன்னாடி இது, உசுரோட இருக்கறவகிட்ட வந்து ஒப்பாரி வெச்சிகினு" என்று கத்தினார்கள். அதற்குள் எழவு வீட்டுக்குச் சங்கு ஊதிச் சேகண்டி அடிக்கிற கண்ணாயிரம் தாதர் வாசலில் நின்றுகொண்டு, "என்ன உட்டுட்டு வேற யாருங்க அடிக்கறது?" என்று நியாயம் கேட்கிறார். தெருவே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். மாமியாரைச் சாகச் சொல்லி நான்தான் உங்களை ஏவிவிட்டேன் என்று அத்தை என் பக்கம் கையை நீட்டிய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

அதனால்தான் சொன்னேன், "சேகண்டி அடிக்கணும்னா சுடுகாட்டுல போயி குந்திகினு அடிங்க" என்று. சொன்னதை நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் சுடுகாட்டுக்குப் போகச் சொன்னால் யாராவது கல்வராயன் மலைக்குப் போவார்களா?

என் கோபம் அன்றைக்கு மட்டும் வந்த கோபமில்லை. தை மாதத்திலிருந்து நீங்கள் மோட்டார் கொட்டகையில் படுத்தீர்கள். என் பக்கத்தில் படுக்கப் பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். எங்கள் அப்பா கல்யாணத்துக்குப் போட்ட வாட்சைப் புதுச்சேரியில் ஸ்வெட்டர் விற்கிற திபெத்துக்காரியிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு இந்தக் கிண்ணத்தை வாங்கி வந்தீர்கள். காதைக் காட்டப் போனவர் சக்களத்தியோடு திரும்பினார் என்று ஆயம்மா சித்தி சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். வருவீர்களா, மாட்டீர்களா?

பெரியநாயகி


கரியாலூர்,
21-7-1987

பெரியநாயகிக்கு,

உன் பக்கத்தில் படுக்கப் பிடிக்காமல் இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு இன்லண்டு லெட்டரைக் கிழித்துப் போட்டேன்.

போன மார்கழியில் ரயில் மறியலில் வலது காதில் லத்தி விழுந்தது உனக்குத் தெரியும். அந்தக் காது கேட்காது என்றும் தெரியும். உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஙொய்யென்று ஒரு சத்தம், கம்பியை இழுத்துப் பிடித்தது போல. சாப்பிடும்போதும், நீ பேசும்போதும், கண்ணை மூடினாலும் அது நிற்பதில்லை. புதுச்சேரி டாக்டர் பார்த்துவிட்டு, "பழகிக்குங்க" என்றார். அதைச் சொல்லப் பஸ் ஏறிப் போயிருக்க வேண்டியதில்லை.

மோட்டார் கொட்டகையில் ஆயில் இன்ஜின் ஓடினால் அந்தச் சத்தம் கொஞ்சம் கம்மியாகும். அதற்காகத்தான் அங்கே படுத்தேன். ஊரே மாலை போட்டுக் கூட்டி வந்த ஆள், காதுக்குள் வண்டு கத்துகிறது என்று எந்த முகத்தோடு சொல்வது?

அன்றைக்கு டாக்டர் வீட்டிலிருந்து வரும்போது நடைபாதையில் அந்தத் திபெத்து அம்மா என் கையைப் பிடித்து உள்ளங்கையில் கிண்ணத்தை வைத்தாள். கட்டையை விளிம்பில் அழுத்தி வட்டமாகச் சுற்றினாள். அடிக்கவில்லை, சுற்றினாள். கிண்ணம் முனக ஆரம்பித்தது. அந்த முனகல் மேலே ஏறி ஏறி என் காதுக்குள் இருக்கிற சத்தத்தோடு போய்ச் சேர்ந்தது. பால் தண்ணீரில் கலக்கிற மாதிரி இரண்டும் கலந்து, எனக்குள் ஒன்றுமே கேட்கவில்லை. நான் நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். வாட்சை எப்போது கழற்றினேன் என்றே நினைவில்லை.

அவளுக்குத் தமிழில் ஒரே வார்த்தைதான் தெரியும், "மெல்ல". நான் சுற்றினால் "மெல்ல, மெல்ல" என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் வரவில்லை. நாலு சுற்று நன்றாக வரும். பிறகு இதோ கலக்கப் போகிறது என்று கை அவசரப்படும். கட்டை விளிம்பில் துள்ளி ட்ர்ர்ர் என்று இழுக்கும், ஓட்டை லாரி மாதிரி. நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன். அதுவும் துள்ளும். வீட்டில் அன்று கோபத்தில்தான் அதை ஒரு தட்டுத் தட்டினேன். அது சேகண்டியாகிவிட்டது. நான் சிரித்தது தப்பு.

இங்கே கிண்ணத்தை எடுத்தால் எழவு என்று யாரும் ஓடி வரமாட்டார்கள். என் காதுக்கு ஏற்ற ஒலி இந்தக் கிண்ணத்தில் எங்கேயோ இருக்கிறது. ஒரு தடவை கேட்டுவிட்டேன் அல்லவா? அதை என் கையால் கொண்டுவரத் தெரிந்த அன்றைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் வரமாட்டேன். வந்தால் உன்மேல்தான் எரிந்து விழுவேன், நீ பார்த்திருக்கிறாய்.

கொளஞ்சியப்பன்

இங்கே வந்து ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டேன் என்று தெரிந்தது. மலை முழுக்கச் சில்வண்டு. எது அது, எது என்னுடையது என்று பிரிக்க முடியவில்லை.


களமருதூர்,
2-8-1987

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மாட்டுக் கொட்டகையில் நின்று படித்தேன். அத்தை பார்த்துவிட்டு, "இன்னா எழுதிகிறான்? ஏன் அழுவுற?" என்றார்கள். சாம்பல் கண்ணில் விழுந்துவிட்டது என்றேன். கொட்டகையில் ஏது சாம்பல் என்று அவர்கள் கேட்கவில்லை.

இத்தனை மாதமாகப் பக்கத்திலேயே இருந்தேன். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று கத்தினீர்கள். தட்டைத் தள்ளினீர்கள். நான் பேசப் பேச முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். என்னைப் பிடிக்கவில்லை, பிள்ளை இல்லாததால் பிடிக்கவில்லை என்று நானே ஒரு கதை கட்டி அதற்குள் உட்கார்ந்து அழுதேன். காதுக்குள் சத்தம் கேட்கிறது என்ற மூன்று வார்த்தையை என்னிடம் சொல்ல உங்களுக்கு ஒரு மலை ஏற வேண்டியிருந்தது. படித்ததும் உங்கள்மேல் பாவமாக இருந்தது. மறுபடி படித்தபோது அடிக்க வேண்டும் போல இருந்தது. இப்போது இரண்டும் இருக்கிறது.

இங்கே நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வருகிற செப்டம்பர் பதினேழாம் தேதியிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல். நம் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு வடமாவட்டம் முழுக்க ஒரு வண்டி ஓடக் கூடாது என்று பேசிக்கொள்கிறார்கள். தமிழழகன் வீட்டில் தங்குவதே இல்லை. நோட்டீஸ் அடித்திருக்கிறான். அதில் உங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, முன்னால் ஒரு பட்டமும் கொடுத்திருக்கிறான். "போராட்டத்துக்குக் காது கொடுத்த வீரர் கொளஞ்சியப்பன்." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒரு பேச்சுக்குக் காது கொடுத்திருப்பீர்களா? போராட்டத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டீர்கள்.

"மாமா வந்து மேடையில நின்னாலே போதும்க்கா, பேசக்கூட வேணாம்" என்கிறான். நீங்கள் வேலையாக மலைக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். அவன் நம்பவில்லை. கிண்ணத்தோடு போனதை ஊரே பார்த்திருக்கிறது.

இங்கேயே வந்து சுற்றுங்கள். அத்தையை நான் பார்த்துக்கொள்கிறேன். கண்ணாயிரம் தாதரிடமும் சொல்லிவைக்கிறேன். தெருவுக்குப் பழகிவிடும். சோற்றைக் கஞ்சி வடிக்கும்போது அவசரப்பட்டால் கைமேல்தான் கொட்டும், அந்த மாதிரிதான் உங்கள் கட்டையும் என்று நினைக்கிறேன். ஆனால் வடிக்கக் கற்றுக்கொள்ள நான் வீட்டை விட்டுப் போகவில்லை.

பெரியநாயகி


கரியாலூர்,
16-8-1987

பெரியநாயகிக்கு,

நோட்டீஸைக் கிழிக்கச் சொல். மேடையில் குழாய் ஸ்பீக்கர் இருக்கும். அது "ஹலோ மைக் டெஸ்டிங்" என்று ஆரம்பித்தாலே என் தலை இரண்டாகப் பிளக்கும். இதைத் தமிழழகனிடம் சொல்லாதே. அவனுக்கு நான் வீரனாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

இங்கே நான் சும்மா இல்லை. தேக்கில் ஒரு கட்டை சீவினேன். பலா, கடுக்காய் மரம் எல்லாம் பார்த்துவிட்டேன். மெத்தென்ற மரம் கீழ்ச்சத்தம் கொடுக்கிறது, ஆலை சங்கு மாதிரி. என் காதில் இருப்பது மேல்சத்தம். கெட்டியான கட்டை வேண்டும், மேலே தோல் சுற்றாமல். கெட்டிக் கட்டைதான் ஜாஸ்தி துள்ளுகிறது. கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் ஒலி இறங்குகிறது. அதையும் பார்த்தேன்.

பக்கத்துக் குடிசையில் சாலம்மாள் என்று ஓர் அம்மா, சாமை விதைத்திருக்கிறாள். ஆடு வைத்திருக்கிறாள். முதல் நாள் வந்து, "உன் சட்டி கத்துனா என் ஆடு மேய மாட்டேங்குது. காட்டுப்பக்கமா போயி தேச்சிக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்போது காலையில் ஓடைப் பக்கம் போய் உட்கார்கிறேன்.

போன வியாழக்கிழமை அது வந்தது. ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் வந்து நின்றது. காதுச் சத்தம், சில்வண்டு, ஓடை எதுவும் இல்லை. அப்படியே இருந்திருக்கலாம். எனக்குப் பயம் வந்துவிட்டது. நீ எங்கே என்று தேடினேன். ஓடைக்கரையில் உன்னை ஏன் தேடினேன் என்று கேட்காதே, தேடினேன். கை அவசரப்பட்டது. ட்ர்ர்ர். அதோடு போயிற்று. அன்று முழுக்கச் சுற்றியும் திரும்பி வரவில்லை.

அதன் பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. சோறு ஆக்க உட்கார்ந்தால் கிண்ணம் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. கிண்ணத்தை எடுத்தால் கிடங்கைப் பூட்டினேனா என்று எழுந்து போகிறேன். இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் அங்கே வந்து என்ன செய்வது? அந்த அம்மா சுற்றியது போல ஒரு தடவையாவது சுத்தமாகச் சுற்ற வேண்டும். அதுவரை பொறுத்துக்கொள்.

நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்ச யார் இருக்கிறார்கள்?

கொளஞ்சியப்பன்


களமருதூர்,
6-9-1987

மாமாவுக்கு,

நாற்றங்காலுக்கு நான்தான் தண்ணீர் பாய்ச்சுகிறேன். வேறு யார் பாய்ச்சுவார்கள்?

நேற்று தமிழழகன் பத்துப் பேரோடு வந்து வாசலில் நின்றான். அவனோடு வந்த ஒருவன், நீங்கள் போலீசுக்குப் பயந்துகொண்டு மலையில் ஒளிந்திருப்பதாகச் சொன்னான். "ஒரு அடி உழுந்ததும் ஓடிட்டாரு. இப்ப கிண்ணம் தேச்சிகினு சாமியாரா பூட்டாரு" என்றான். தம்பி அவனை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. கடைசியாகச் சொன்னது நினைவிருக்கிறது. "அவரு வரமாட்டாரு. அவரு பேருக்குப் பதிலா என் பேரப் போடு. நான் வரேன் ரோட்டுக்கு" என்றேன்.

உங்களுக்காக மட்டும் சொல்லவில்லை, மாமா. பத்தாவது பாஸ் பண்ணிவிட்டு டீச்சர் ட்ரெய்னிங்குக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தேனே, அது உங்களுக்கு நினைவிருக்கிறதா? கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் யாருக்கும் கிடைத்ததில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. கல்யாணம் பண்ணிவைத்துவிட்டார்கள். இப்போது ரோட்டில் உட்கார்ந்து அதைக் கேட்கலாம் என்று தோன்றுகிறது. கேட்டால் கிடைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் கேட்காமலே கிழவியாகப் பிடிக்கவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. நடவுக்கு வருகிற காலனிப் பெண்கள், "ஒரு வாரம் ரோட்ட மறிச்சா எங்களுக்குக் கூலி ஏதும்மா? எங்க தெரு பக்கம் யாரும் வந்துடக் கூடாது" என்றார்கள். தமிழழகனிடம் சொன்னேன். பார்த்துக்கொள்ளலாம் என்றான். அவன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இளவட்டங்கள் சில பேர் கையில் கம்போடு திரிகிறார்கள். பெண்கள் முன்னால் உட்கார்ந்தால் அவர்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள் என்று ஆயம்மா சித்தி சொல்கிறார்.

அத்தை என்ன சொன்னார்கள் தெரியுமா? "எம்மருமவ ரோட்டுல குந்துறதா? மானம் போவுதே" என்று பகலெல்லாம் புலம்பினார்கள். சாயங்காலம் பரணிலிருந்து மாமனாரின் குடையை எடுத்துத் துடைத்துவிட்டு, "வெயிலு ஜாஸ்தியா கீது. நானும் வரேன்" என்றார்கள்.

நீங்கள் அங்கே சத்தமில்லாத இடத்தைத் தேடுங்கள். நான் சத்தம் போடப் போகிறேன்.

பெரியநாயகி


கரியாலூர்,
13-9-1987

பெரியநாயகி,

போகாதே.

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. இது உன் கைக்கு வருமா என்று தெரியவில்லை. வெள்ளிமலை பஸ் டிரைவர் நாளை மறுநாளுக்கு மேல் வண்டி எடுக்கமாட்டேன் என்கிறார். அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

அந்த அடி எப்படி விழும் என்று உனக்குத் தெரியாது. வலி பின்னால்தான் வரும். முதலில் வருவது சத்தம்தான். பெரிய கதவை உன் தலைக்குள் யாரோ சாத்துகிற மாதிரி இருக்கும். அந்தக் கதவு அப்புறம் திறக்காது. உன் காதில் அது விழக் கூடாது. என்னை ஓடிப்போனவன் என்று எவன் வேண்டுமானாலும் சொல்லட்டும், சொல்லிவிட்டுப் போகட்டும். உனக்கு என்ன?

நான் இப்படி எழுதினால் நீ கட்டாயம் போவாய் என்று எனக்குத் தெரியும். சரி, போனால் நடுவில் உட்கார். ஓரத்தில் உட்காராதே. ஆயம்மா சித்தி கையை விடாதே. அம்மாவை முன்னால் விடாதே. காதில் பஞ்சு வைத்துக்கொள். முந்தானையைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொள்.

ட்ரெய்னிங் விஷயம் எனக்கு நினைவிருக்கிறது. நான் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கட்டை இன்றைக்கு ஒரு சுற்றுக்கூட ஒழுங்காக வரவில்லை.

கொளஞ்சியப்பன்


கரியாலூர்,
27-9-1987

பெரியநாயகிக்கு,

வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன். உன்னை எங்கே கொண்டுபோனார்கள் என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. ஒருவர் கடலூர் என்கிறார், ஒருவர் வேலூர் என்கிறார், திருச்சி என்றும் சொல்கிறார்கள். திரும்பி வந்ததும் படித்துக்கொள்.

நான் வந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மறியல் தொடங்கிய பிறகு மலைக்கு ஒரு வண்டியும் ஏறவில்லை. வீரமுத்து நடந்தே வந்து, உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் ரோட்டில் உட்கார்ந்த பெண்களைப் போலீஸ் லாரியில் ஏற்றிவிட்டார்கள், அங்கே மண்டபமெல்லாம் நிறைந்துபோய்க் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றான். நீயும் அம்மாவும் அதில் இருப்பதாகச் சொன்னான். கிடங்குச் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். கிண்ணத்தை ஏன் எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை. துண்டில் சுற்றித் தோளில் போட்டிருந்தேன்.

கச்சிராயபாளையத்துக்கு இந்தப் பக்கமே ரோட்டுக்குக் குறுக்கே புளியமரங்கள் கிடந்தன. நிழலுக்கென்று நின்ற மரங்கள். ரோட்டைப் பள்ளம் பறித்திருந்தார்கள். ஓர் இடத்தில் எரிந்துபோன குடிசைகளைப் பார்த்தேன். யார் குடிசை, யார் எரித்தது என்று நின்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு கிழவி சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் இன்னும் போகவில்லை.

மண்டபத்து வாசலில் ஒரே கூட்டம். சோற்றுப் பொட்டலத்தை மட்டும் வாங்கி உள்ளே கொடுத்தார்கள், ஆளைப் பார்க்க விடவில்லை. எல்லோரும் மதில் பக்கம் நின்று அவரவர் பெண்டாட்டி, அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நானும் கூப்பிட்டேன். அந்தக் கூச்சலில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. உள்ளேயிருந்து நீ பதில் சொன்னாலும் என் காதில் விழப்போவதில்லை. அப்போதுதான் துண்டை அவிழ்த்தேன்.

மெல்லச் சுற்ற வேண்டும் என்று மனதில் சொல்லிக்கொண்டேதான் ஆரம்பித்தேன். நடந்து வந்த கை. பயந்த கை. முதல் சுற்றிலேயே துள்ளியது. ட்ர்ர்ர் என்று கிண்ணம் அழுகிறது, நிற்கிறது, மறுபடி அழுகிறது. நிறுத்தவும் முடியவில்லை. "யோவ், உள்ள யாருய்யா செத்தது?" என்று ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். அவ்வளவுதான், வெளியே நின்றவர்கள் ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளேயும் அழுகை கேட்டது. போலீஸ்காரர் லத்தியோடு ஓடி வந்தார். லத்தியைப் பார்த்ததும் என் கால் நிற்கவில்லை. கூட்டத்தில் புகுந்து வந்துவிட்டேன். மறுநாள் காலையில் போனால் மண்டபம் காலி.

எத்தனை மாதமாகத் தேய்த்தேன், பெரியநாயகி. ஒரே ஒரு தடவை ஒழுங்காக ஒலித்திருந்தால் நான் வந்திருக்கிறேன் என்று உனக்குச் சொல்லியிருக்கும். அந்தக் கூச்சலில் அது உன் காதில் விழுந்தே இருக்காது. விழுந்திருந்தால் நீயும் யாரோ செத்துவிட்டதாக நினைத்து அழுதிருப்பாய்.

கிண்ணத்தைச் சாலம்மாளிடம் கொடுத்துவிட்டேன். சாமை அளந்து போட வைத்துக்கொள்ளட்டும். காதுச் சத்தம் அப்படியேதான் இருக்கிறது. எனக்கான ஒலி என்று ஒன்று கிடையாது, நானாக நினைத்துக்கொண்டது. உன் வார்த்தைக்கு வரமாட்டேன் என்று சொன்னவன் இப்போது எந்த முகத்தோடு வருவது? நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்.

கொளஞ்சியப்பன்


வேலூர்,
30-9-1987

மாமாவுக்கு,

வேலூர் ஜெயிலிலிருந்து எழுதுகிறேன். எழுதியதை ஓர் அம்மா படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அவர்களுக்கும் என் வணக்கம்.

நானும் அத்தையும் நன்றாக இருக்கிறோம். எங்கள் மேல் அடி விழவில்லை. நீங்கள் எழுதியபடி நடுவில்தான் உட்கார்ந்தேன். ஆயம்மா சித்தியின் கையை நான் விடவில்லை, அவர்தான் விட்டுவிட்டு ஒரு போலீஸ்காரர் காலைப் பிடித்துக்கொண்டார், அவரையும் சேர்த்து லாரியில் ஏற்றினார்கள். எங்கள் ஊரில் பெண்கள் குறுக்கே உட்கார்ந்ததால் காலனிப் பக்கம் யாரும் போகவில்லை. மற்ற ஊரில் போனார்களாம். தமிழழகனைக் கூப்பிட்டு அதைக் கேட்க வேண்டும். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை.

கோஷம் போட்டுப் போட்டு எனக்குத் தொண்டை போய்விட்டது. இப்போது காற்றுதான் வருகிறது. அதனால் பேச வேண்டியதையெல்லாம் எழுதித்தான் ஆக வேண்டும்.

கள்ளக்குறிச்சி மண்டபத்தில் இருந்தோம். வெளியே கூப்பாடு, எந்தப் பெயர் யார் பெயர் என்று புரியவில்லை. திடீரென்று அந்தச் சத்தம். உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஓவென்று அழுதார்கள். ரோட்டில் துப்பாக்கிச் சூடு என்று கேள்விப்பட்டிருந்தார்கள் அல்லவா, அவரவர் வீட்டு ஆளை நினைத்து மாரில் அடித்துக்கொண்டார்கள். நான் ஒருத்திதான் சிரித்தேன். ஆயம்மா சித்தி எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று என் கன்னத்தில் ஒன்று வைத்தார். அடித்த அடியிலும் சிரித்தேன், அழுதுகொண்டே சிரித்தேன்.

அத்தையின் தோளைப் பிடித்து உலுக்கி, வராத குரலில், "அத்த, அவரு வந்துகிறாரு" என்றேன். அத்தை காதைத் தீட்டிக் கேட்டார்கள். பிறகு, "அந்த எழவு கிண்ணந்தான். இன்னும் கத்துக்கலியா அவன்?" என்றார்கள். அவர்களும் அழுதார்கள்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். மாமா, நல்லபடி சுற்றியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. ஏதோ கோயில் என்றோ, எழவு வீடு என்றோ நினைத்திருப்பேன். நாலு சுற்று போய், அவசரப்பட்டு, ட்ர்ர்ர் என்று தடுக்கி விழுந்து, கோபித்துக்கொண்டு மறுபடி எழுந்து ஓடுகிற சத்தம் இந்த உலகத்தில் ஒருவருடையதுதான். அதைத் தை மாதத்திலிருந்து அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவள் நான். அப்போது அது எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த மண்டபத்தில் அது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. வெளியே நின்ற ஆயிரம் பேரும் வாயால் கூப்பிட்டார்கள், அவர்களில் யாருடைய குரலும் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. என் வீட்டுக்காரரை மட்டும் எனக்குத் தெரிந்தது.

"மாமா, இங்க இருக்கேன்" என்று கத்தினேன். காற்றுதான் வந்தது. அதற்குள் சத்தம் நின்றுவிட்டது. அடித்துவிட்டார்களோ என்று விடிகிறவரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில் வண்டியில் ஏற்றும்போது ஜன்னல் வழியாகத் தேடிப் பார்த்தேன். நீங்கள் இல்லை. அடிபட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் கையோடு பதில் போடுங்கள்.

உங்கள் காதுச் சத்தம் போகாவிட்டால் போகாமலே இருக்கட்டும். அதோடு வாருங்கள். எனக்கும் அத்தைக்கும் நடுவில் நடக்கிறதைவிடவா அது பெரிய இரைச்சல்? மோட்டார் கொட்டகையில்தான் தூக்கம் வரும் என்றால் கட்டிலை அங்கே தூக்கிப் போடுங்கள். என் பாயையும் சேர்த்துத் தூக்குங்கள். இதைப் படிக்கிற அம்மா கண்டுகொள்ளமாட்டார்கள்.

வருகிற வாரம் விட்டுவிடுவார்கள் என்று பேச்சு. எந்தத் தேதி என்று வக்கீலுக்கும் தெரியவில்லை. கேட்டுக்கு வெளியே எப்போதும் கூட்டம் நிற்குமாம். நான் எதைப் பார்த்து உங்களைக் கண்டுபிடிப்பது? கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். இங்கே இருக்கிற பெண்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், சத்தம் கேட்டால் யாரும் அழாதீர்கள், அது எங்கள் வீட்டுக்காரர் என்று. அவர்களும் கேட்கக் காத்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதீர்கள். அன்றைக்கு மெல்லச் சுற்றாதீர்கள். மெல்லச் சுற்றினால் வேறு யாரோ என்று நினைத்து நான் அந்தப் பக்கமாகப் போய்விடுவேன்.

பெரியநாயகி